எம்.எஸ்சி. உயிரியல்: நான்கு செமஸ்டரையும் கடந்து வருவது எப்படி?

எம்.எஸ்சி. இரண்டு வருடப் படிப்பு என்று சொல்கிறோம். நாட்களை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லை. ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாட்கள், நான்குக்கும் சேர்த்து 360. இதில் இன்டர்னல் தேர்வு, பிராக்டிக்கல் தேர்வு, விழாக்கள், மழை விடுமுறை எல்லாம் போனால் மிஞ்சுவது ஒரு வருடத்துக்கும் குறைவு.

நான் விலங்கியல் படித்தவள். படிக்கும்போது இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்காம் செமஸ்டரில் வரும் ப்ராஜெக்ட்டை நான்காம் செமஸ்டரில் யோசித்தால் போதும் என்று இருந்துவிட்டேன். ஜனவரியில் தலைப்பு, பிப்ரவரியில் மாதிரி சேகரிப்பு, மார்ச்சில் இரவு பகலாக எழுதுவது, ஏப்ரலில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. மதிப்பெண் வந்தது. ஆனால் அந்த டிசர்டேஷனில் (ப்ராஜெக்ட் அறிக்கையில்) உள்ள தரவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான். அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைத்தான் சொல்வேன்: எந்த வேலையையும் அது பாடத்திட்டத்தில் வருவதற்கு ஒரு செமஸ்டர் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விதியின் விரிவு.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் துறைகளிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், உயிர்வேதியியல் சேர்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

சேரும் முன்: பட்டத்தின் பெயர்

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் தனித்தனியாக அறிவிப்பு விடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி.க்களுக்கு ஜாம் தேர்வு, மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் படிப்புகளுக்கு காட்-பி. இந்த நுழைவுத் தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் பி.எஸ்சி. கடைசி வருடம் முடிவதற்கு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வந்த பிறகு விசாரிக்கப் போனால் உள்ளூர்க் கல்லூரி மட்டும்தான் மிச்சமிருக்கும்.

இடம் கிடைத்ததும் பட்டத்தின் பெயரைப் பாருங்கள். எம்.எஸ்சி. விலங்கியல், எம்.எஸ்சி. தாவரவியல் என்று நேராக இருந்தால் சிக்கல் இல்லை. முன்னால் ஒரு சிறப்புச் சொல்லோ பின்னால் ஒரு துணைப் பாடமோ ஒட்டியிருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனக் கேளுங்கள். பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இதை விடாதீர்கள். படிப்பு முடிந்து சான்றிதழ் சரிபார்ப்பின்போது "உங்கள் பட்டம் இணையானது இல்லை" என்று கேட்டுக் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறப்புப் படிப்பு கூடாது என்று சொல்லவில்லை. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இவையெல்லாம் அந்தந்தத் துறையில் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு அருமையான இடங்கள். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் செமஸ்டர்: மூன்று பழக்கங்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே நான்கு செமஸ்டருக்குமான பாடத்திட்டத்தை இறக்கி, முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம், எத்தனை கிரெடிட், ப்ராஜெக்ட் எப்போது, முதல் வருட முடிவில் இன்டர்ன்ஷிப் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். இணைப்புக் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும். முதுகலையில் தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். இளங்கலையில் 40 எடுத்துத் தேறிய பழக்கத்தில் இருப்பவர்கள் முதல் செமஸ்டரில் அரியர் வைப்பது இதனால்தான். இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதப் பொதுப் பிரிவினருக்கு எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் தேவை. சில பிரிவுகளுக்குத்தான் தளர்வு உண்டு. வெறும் பாஸ் போதாது.

பழக்கங்களுக்கு வருகிறேன்.

ஒன்று, லேப் நோட்டு. ரெக்கார்டு நோட்டைச் சொல்லவில்லை. ரெக்கார்டு, கையெழுத்து வாங்குவதற்காக அழகாக எழுதுவது. லேப் நோட்டு, நடந்ததை நடந்தபோதே எழுதுவது. தேதி, எடுத்த அளவு, யார் தயாரித்த கரைசல், என்ன தவறியது எல்லாம் அதில் வர வேண்டும். ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை வரவில்லை என்றால் "வரவில்லை" என்றே எழுதுங்கள். பக்கத்து மேசைக்காரர் படத்தைப் பார்த்து வரைந்து வைத்தால் ரெக்கார்டு நிறையும். ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கும் வழி அதோடு அடைபட்டுவிடும்.

இரண்டு, வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை. முதல் கட்டுரைக்கு ஒரு வாரம் முழுக்கப் பிடிக்கும், பரவாயில்லை. தலைப்பு முதல் கடைசி வரை வரிசையாகப் படிக்காதீர்கள். முதலில் சுருக்கம், அப்புறம் படங்களும் அட்டவணைகளும். ஒவ்வொரு படமும் என்ன சொல்கிறது என்று ஒரு வரி தமிழில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு முறைகள் பகுதி. முன்னுரையைக் கடைசியில் படித்தால் போதும். கட்டுரை எங்கே கிடைக்கும் என்ற கவலை முன்பு இருந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. உங்கள் நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இந்தியாவில் முடிந்த பிஎச்.டி. ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியே யாராவது எழுதியிருப்பார்கள்.

மூன்று, புள்ளியியல். உயிரியல் எடுத்ததே கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். எம்.எஸ்சி.யில் அது முடியாது. சராசரி, திட்ட விலக்கம், டி-சோதனை, கை-ஸ்கொயர், அனோவா இந்த ஐந்தையும் முதல் செமஸ்டரிலேயே கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு 'ஆர்' மென்பொருளையோ, இன்னும் எளிதாக வேண்டுமென்றால் 'பாஸ்ட்' மென்பொருளையோ பழகுங்கள். இரண்டும் இலவசம்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

இந்தப் பகுதியை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்து, முதல் மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குப் பாடம் தெரியும். சவ்வூடு பரவலும் குன்றல் பகுப்பும் புரிந்தவருக்கு ஆஸ்மாசிஸ், மியாசிஸ் என்பது வேறு பெயர் மட்டுமே. ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஆங்கிலச் சொல், பள்ளிப் புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல், உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி விளக்கம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஒரு செமஸ்டர் முடியும்போது 400 சொல்லுக்கு மேல் சேர்ந்துவிடும். பாடம் நடத்தத் தேவையான சொற்களில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

செமினார்தான் பயமுறுத்தும். எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள், ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். பத்து ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். அந்தப் படத்தை ஹாஸ்டல் தோழிக்குத் தமிழில் விளக்குங்கள். அவளுக்குப் புரிந்தால் அதையே எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். கேள்வி வந்து பதில் தெரியாவிட்டால் "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று சொல்லலாம். சொன்னபடி மறுநாள் பார்த்துவந்து சொல்லுங்கள். ஆசிரியர்கள் மறக்காமல் வைத்திருப்பது அந்த மறுநாளைத்தான்.

லேப்

எம்.எஸ்சி. முடிக்கும்போது யார் துணையும் இல்லாமல் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. மோலார் கரைசல் கணக்குப் போட்டுத் தயாரிப்பது, பி.எச். சரிசெய்வது, மைக்ரோபிப்பெட்டைச் சரியாகப் பிடிப்பது, ஊடகம் தயாரித்து ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுப்பது, லேமினாரில் (வடிகட்டிய காற்று வீசும் மேசையில்) கலப்பில்லாமல் நுண்ணுயிர் வளர்ப்பது, டி.என்.ஏ. பிரிப்பது, அதைப் பல மடங்காக்கும் பி.சி.ஆர். வைப்பது, டி.என்.ஏ. துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டுவது, மைக்ரோஸ்கோப்பில் அளவு எடுப்பது, ஓர் உயிரினத்தைத் திறவுகோல் (பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்துக்கு வழிகாட்டும் பட்டியல்) வைத்து அடையாளம் காண்பது. இந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் நீங்களே தனியாகச் செய்த நாளில் தேதி போடுங்கள்.

பல கல்லூரிகளில் 20 பேருக்கு ஒரு பி.சி.ஆர். கருவி இருக்கும். ஆசிரியர் செய்துகாட்ட, நாம் சுற்றி நின்று பார்ப்போம். பார்த்தது கைக்கு வராது. துறையில் உள்ள பிஎச்.டி. ஸ்காலர் அக்காக்களிடமும் அண்ணன்களிடமும் போய், "சாயங்காலம் உங்களுக்கு உதவியாக இருக்கலாமா?" என்று கேளுங்கள். முதலில் கண்ணாடிச் சாமான் கழுவத்தான் சொல்வார்கள். கழுவுங்கள். மூன்றாவது வாரம் பிப்பெட் கைக்கு வரும். நான் ஜெல் ஓட்டக் கற்றுக்கொண்டது இப்படித்தான், வகுப்பில் இல்லை.

ஜெல்லில் டி.என்.ஏ.வைப் பார்க்கச் சேர்க்கும் எத்திடியம் புரோமைடு சாயம் மரபுப்பொருளைப் பாதிக்கக்கூடியது. கையுறை போட்டுக்கொண்டே தொடுங்கள், அந்தக் கையுறையோடு கதவையும் போனையும் தொடாதீர்கள். புற ஊதா விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. இதைச் சொல்லித்தராத லேப்களும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாம் செமஸ்டர்: கைடும் கோடைக்காலமும்

ப்ராஜெக்ட் வேலை இங்கேயே தொடங்குகிறது. சில துறைகளில் கைடை (ஆய்வு வழிகாட்டியை) நாமே தேர்ந்தெடுக்கலாம், சிலவற்றில் ரேங்க் வரிசையிலோ சீட்டுக் குலுக்கியோ ஒதுக்குவார்கள். எப்படி இருந்தாலும் துறையில் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று இரண்டாம் செமஸ்டரிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் புரட்டுங்கள். அவர்களிடம் வேலை செய்யும் ஸ்காலரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: வாரம் ஒருமுறையாவது சந்திக்க முடியுமா? எழுதியதைத் திருத்தித் தருவாரா? ரசாயனச் செலவு யார் கையிலிருந்து? பெரிய பெயர் உள்ளவரைவிட, அரை மணி நேரம் உட்கார்ந்து உங்கள் நோட்டைப் பார்ப்பவரே எம்.எஸ்சி. மாணவருக்கு நல்ல கைடு.

முதல் வருடம் முடிந்து வரும் கோடை விடுமுறைதான் இந்தப் படிப்பிலேயே விலைமதிப்பான இரண்டு மாதம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியும் மற்ற இரண்டு தேசிய அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு நல்ல ஆய்வகத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். அதாவது நீங்கள் முதல் செமஸ்டரில் இருக்கும்போதே. ஒரு சிறு குறிப்பும் ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். நமது சிறிய கல்லூரிகளில் பல பேருக்கு இந்தத் திட்டம் இருப்பதே தெரிவதில்லை.

அது கிடைக்காவிட்டால் நேராக எழுதிக் கேளுங்கள். சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம், புதுச்சேரியில் கொசுவழி நோய்களை ஆராயும் வி.சி.ஆர்.சி. என்று நம்மைச் சுற்றியே இருக்கின்றன. மின்னஞ்சல் ஐந்து வரிதான் இருக்க வேண்டும்: நான் யார், உங்களுடைய எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எது என்னை ஈர்த்தது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எனக்கு என்ன செய்யத் தெரியும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பெறுபவருக்குத் தெரிந்துவிடும். பத்து பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம்.

ப்ராஜெக்ட் தலைப்பு: கேள்வியாக எழுதிப் பாருங்கள்

நம் ஊர் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுகளில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வரும். ஏதோ ஒரு இலைச் சாற்றை எடுத்து நான்கு பாக்டீரியாவின் மேல் விட்டு, அவை வளராத வளையத்தை அளப்பது ஒன்று. ஒரு இலையிலிருந்து வெள்ளி நானோ துகள் தயாரிப்பது இன்னொன்று. அந்த வேலையே தவறு என்று சொல்லமாட்டேன். அந்த இலையை ஏன் எடுத்தீர்கள், ஏற்கெனவே தெரிந்ததற்கு மேல் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்க வேண்டும். "சீனியர் செய்தார்" என்பது பதிலாகாது.

தலைப்பைக் கேள்விக்குறியோடு ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் ப்ராஜெக்ட் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகச் சொல்கிறேன். கடற்கரை மணலில் வளை தோண்டி வாழும் நண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். "மக்கள் நடமாட்டம் அதிகமுள்ள கரையில் வளைகள் குறைவாக இருக்குமா?" இது நல்ல கேள்வி. செலவு ஒரு கயிறு, நான்கு குச்சி, ஒரு அளவுநாடா, பஸ் காசு. ஒரு மீட்டர் சதுரம் போட்டு, உள்ளே உள்ள வளைகளை எண்ணி, ஒவ்வொரு வளையின் வாய் விட்டத்தையும் அளக்க வேண்டும். விட்டம் நண்டின் அளவைக் காட்டும், அதனால் நண்டைப் பிடிக்கவே தேவையில்லை.

இங்கேதான் எல்லோரும் சறுக்கும் இடம் வருகிறது. கூட்டமுள்ள ஒரு கரையில் 30 சதுரம், அமைதியான ஒரு கரையில் 30 சதுரம் போட்டு டி-சோதனை செய்துவிட்டு, மக்கள் நடமாட்டத்தால் நண்டு குறைந்தது என்று எழுதிவிடுவோம். உங்களிடம் இருப்பது 30 கரை இல்லை, வகைக்கு ஒரே ஒரு கரை. அந்த இரண்டு கரைகளுக்கும் மணலின் பருமன் வேறாக இருக்கலாம், சாய்வு வேறாக இருக்கலாம், ஒன்றில் கருவாடு காயப்போடுவதால் நண்டுக்குத் தீனி கிடைக்கலாம். வித்தியாசத்துக்குக் காரணம் கூட்டம்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து கரை வேண்டும், கரைக்கு ஆறேழு சதுரம் போதும். மொத்த உழைப்பு அதேதான், பங்கிடுவதுதான் வேறு. எண்ணும் நேரமும் ஓதமும் (கடல் நீர் ஏற்ற இறக்கமும்) எல்லாக் கரையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மணலில் ஒரு கைப்பிடி எடுத்துவந்து சலித்துப் பார்த்தால் பருமனும் தெரிந்துவிடும். இதை ஒரு நாள் ஒத்திகை பார்த்தால்தான் ஒரு கரைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றே தெரியும். அந்த ஒத்திகையை மூன்றாம் செமஸ்டரில் முடித்துவிட வேண்டும் என்கிறேன்.

காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ இழுவலையில் வந்து ஒதுக்கிப் போடும் மீன்கள், ஊர்க் கண்மாயின் பறவைகள், முருங்கைப் பூவுக்கு வரும் தேனீக்கள், டயரிலும் சிமென்ட் தொட்டியிலும் வளரும் கொசுப் புழுக்கள் என்று கையருகே கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. லேப் வேலைதான் பிடிக்கும் என்றால் அதுவும் நல்லதே. அப்போது ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டு மாதிரி (கன்ட்ரோல்) இல்லாத, மூன்று முறை திரும்பச் செய்யாத எந்தச் சோதனையையும் முடிந்ததாக எண்ணாதீர்கள்.

ஒரு விஷயத்தில் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட்டை முடித்து, பைண்டு போட்டுத் தரும் இடங்களுக்குப் போகாதீர்கள். வீட்டில் நகையை வைத்துக் கொடுத்த பணம் அங்கே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தரவு உங்களுடையது இல்லை. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியே வந்துவிடும்.

அனுமதிகள்

உயிரினத்தைத் தொடும் முன் கேளுங்கள். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதற்குள் நுழைந்து ஆய்வு செய்வதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். அது கையில் வர மாதங்கள் ஆகும். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மண்டபம் கரையில் செத்து ஒதுங்கியதை மியூசியத்துக்கு என்று எடுத்துவந்தாலும் சிக்கல்தான். எலி, முயல் போன்றவற்றில் சோதனை செய்ய நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். மனிதரின் ரத்தமோ, ஒரு கேள்வித்தாளுக்கான பதிலோ எடுப்பதானாலும் மனித நெறிமுறைக் குழு இருக்கிறது. குழு கூடுவதே சில மாதங்களுக்கு ஒருமுறை என்பதால், நான்காம் செமஸ்டரில் விண்ணப்பித்தால் ஒப்புதல் வரும்போது நீங்கள் டி.சி. வாங்கியிருப்பீர்கள்.

தாவரம் சேகரித்தால் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் (உலர்தாவரக் காப்பகமும்) இருக்கின்றன. பூவும் காயும் உள்ள கிளையைப் பதப்படுத்தி எடுத்துப்போங்கள். வெறும் இலையை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் செமஸ்டர்: நெட்

இது கனமான செமஸ்டர். பாடமும் அதிகம், ப்ராஜெக்ட்டும் ஓட வேண்டும், போட்டித் தேர்வும் வந்து நிற்கும்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். 'ஏ' பகுதி பொது அறிவுத்திறன்: 20 கேள்வியில் 15 எழுதினால் போதும். 'பி' பகுதியில் 50இல் 35. இரண்டிலும் கேள்விக்கு 2 மதிப்பெண். 'சி' பகுதியில் 75 கேள்வி இருக்கும், 25 மட்டும் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4. தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். இந்தக் கணக்கை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும்: பாடத்திட்டத்தின் 13 அலகுகளையும் முழுவதும் படிக்கத் தேவையில்லை. 'சி' பகுதியில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். ஆறேழு அலகுகளை ஆழமாகப் படித்து, மற்றவற்றை மேலோட்டமாகத் தெரிந்து வைப்பது நல்ல உத்தி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் 13ஆம் அலகான ஆய்வு முறைகளை விடாதீர்கள். லேபில் உண்மையாகக் கைவைத்தவருக்கு அது பாதி தெரிந்த பாடம். 'ஏ' பகுதியையும் ஒதுக்காதீர்கள், அது பத்தாம் வகுப்புக் கணக்கும் படம் பார்த்து யோசிப்பதும்தான். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். முன்னே சொன்ன மூன்று பத்தி நோட்டு இங்கேயும் கைகொடுக்கும்.

கடைசி வருடத்தில் இருக்கும்போதே எழுதலாம். நெட்டில் நல்ல இடம் பெற்று ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. செய்ய வழி பிறக்கும். கேட் என்ற இன்னொரு தேசியத் தேர்வில் உயிர் அறிவியல் தாளுக்கு வேதியியல் கட்டாயம், அதோடு இரண்டு விருப்பப் பகுதிகள். சூழலியலும் பரிணாமமும் தனித் தாளாக இருக்கிறது. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

ஒரு சான்றிதழ் விஷயம். பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் மாநில அரசின் சாதிச் சான்றிதழ் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். நெட், கேட் போன்ற மத்திய அரசுத் தேர்வுகளுக்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதற்காக அலைந்து, பொதுப் பிரிவில் போட்டவர்கள் உண்டு.

நான்காம் செமஸ்டர்: எழுதுவதும் வைவாவும்

எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று வைக்காதீர்கள். முறைகள் பகுதியை வேலை நடக்கும்போதே எழுதுங்கள், லேப் நோட்டு பக்கத்தில் இருந்தால் இரண்டு நாள் வேலை. அப்புறம் படங்கள், அட்டவணைகள். அவற்றைச் சுற்றி முடிவுகள். விவாதம் அதன் பிறகு. முன்னுரை கடைசி. மேற்கோள்களை ஒழுங்குபடுத்த சொடேரோ மென்பொருளைத் தொடக்கத்திலேயே பழகியிருந்தால் கடைசி வாரம் நிம்மதி.

அடுத்தவர் வாக்கியத்தை எடுத்து ஒட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, உங்கள் எழுத்துக்கும் ஏற்கெனவே வெளியான எழுத்துக்கும் உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தி மறுபடி தர வேண்டும், 60 வரை போனால் ஒரு வருடம் தடை, அதற்கும் மேல் பதிவே ரத்தாகும். ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்ற வார்த்தையை மாற்றிப்போடும் வேலை வேண்டாம். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். ஒற்றுமை தானாகக் குறையும்.

நாலாயிரம் ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று ஆய்விதழ்களிடமிருந்து மின்னஞ்சல் வரும். அங்கே போடாதீர்கள். கைடோடு சேர்ந்து, தாமதமானாலும் சரியான மதிப்பீடு உள்ள இதழுக்கு அனுப்புங்கள்.

வைவாவில் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள். ஏன் இந்த இனம்? ஏன் இத்தனை மாதிரி? இந்தச் சோதனையை ஏன் தேர்ந்தெடுத்தாய்? வரைபடத்தில் இந்தப் பிழைப் பட்டை (எரர் பார்) எதைக் காட்டுகிறது? எதிர்பார்த்தது வரவில்லை என்றால் பதறாதீர்கள். வரவில்லை என்பதும் முடிவுதான். எதனால் வராமல் போயிருக்கலாம், அடுத்து செய்பவர் எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல முடிந்தால் தேர்வாளர் தலையசைப்பார்.

அதற்குப் பின்

பிஎச்.டி. ஒரு வழி. கல்லூரி ஆசிரியராக நெட்டோ, மாநிலத் தகுதித் தேர்வான செட்டோ, பிஎச்.டி.யோ வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக பி.எட். முடித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு எழுத வேண்டும். மருந்துக் கம்பெனிகளின் தரக் கட்டுப்பாடு, நோயறி ஆய்வகங்கள், இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், மருத்துவ ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் எம்.எஸ்சி. முடித்தவர்களை எடுக்கின்றன. அங்கே கேட்பது அந்த லேப் பட்டியலைத்தான், நீங்கள் தேதி போட்டு வைத்த பக்கத்தை.

வைவா முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். மூலத் தரவை ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன என்று விளக்கி, கைடிடம் ஒரு பிரதி கொடுங்கள், உங்களிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சேகரித்த மாதிரிகளில் இடம், தேதி, சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று பார்த்துத் துறை அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். சீட்டை பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.